வேதனை, விஞ்ஞானம், சம்ஸ்காரம்: பாலிச் சொற்களும் அவற்றுக்குத் தமிழ் தந்த பொருளும்

திருவனந்தபுரத்தில் மலையாள நாளிதழ் வாங்குபவர்கள் அதன் இரங்கல் பக்கத்தைத் தவிர்க்க முடியாது. இறந்தவரின் படத்துக்குக் கீழே 'சம்ஸ்காரம்' என்று போட்டு ஒரு நேரமும் இருக்கும். உடலை எரிக்கும் அல்லது புதைக்கும் நேரம் அது. அதே இதழில் அரசின் 'சாம்ஸ்காரிக வகுப்பு' பற்றிய செய்தி வரும். அது பண்பாட்டுத் துறை. இந்த நகரத்திலிருந்து வெளிவரும் கலைக்களஞ்சியத்தின் பெயர் 'சர்வவிஞ்ஞானகோசம்'. அங்கே விஞ்ஞானம் என்றால் அறிவு. தும்பாவில் ராக்கெட் செய்பவரைத் தமிழர்கள் 'விஞ்ஞானி' என்கிறோம். நமக்கு அது அறிவியல். மருந்துக் கடையில் 'தலவேதன' என்றால் தலைவலி மாத்திரை எடுத்துத் தருவார்கள்.

இந்தச் சொற்களோடு வாழ்கிற ஒருவர் பௌத்த நூல் ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனிதன் என்று நாம் சொல்வது ஐந்து கந்தங்களின் தொகுதி என்கிறது நூல்: ரூபம், வேதனா, சஞ்ஞா, சங்காரா, விஞ்ஞாணம். அவர் காதில் விழுவது என்ன? உடல், வலி, ஏதோ ஒன்று, ஈமச்சடங்கு, அறிவியல். சொல் தெரியாதவர் அகராதியைத் தேடிப் போவார். இவருக்கோ எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்லாகவே இருக்கிறது. பௌத்தம் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் நிலவும் தவறான எண்ணங்களில் பெரும்பகுதி இப்படித் தெரிந்த சொற்களால் வந்தவை என்பது என் கணிப்பு. அதற்கு மாற்று மருந்தும் தமிழிலேயே, ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே உருவாகியிருக்கிறது. அதை நாம் போதிய அளவு எடுத்துப் பயன்படுத்தவில்லை.

முதலில் இந்த மண்ணுக்குப் பௌத்தச் சொற்கள் வந்த வழிகளைப் பார்க்க வேண்டும். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழ பாண்டியரோடு கேரளபுத்திரரையும் பெயர் சொல்கிறது. விழிஞ்ஞத்தை மையமாகக் கொண்ட ஆய் அரசர்களில் ஒருவரான விக்கிரமாதித்த வரகுணர், திருமூலவாதம் என்ற ஸ்ரீமூலவாசத்துப் பௌத்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. டி. ஏ. கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். பாலியம் செப்பேடு என்று அதற்குப் பெயர். பாலி மொழிக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை; ஏட்டை வைத்திருந்த பாலியம் குடும்பத்தின் பெயர் அது. கருமாடி, மாவேலிக்கரை, பரணிக்காவு எனப் புத்தர் சிலைகள் கிடைத்த ஊர்களும் உண்டு. ஆனால் சிலையும் நிலக்கொடையும் கோட்பாட்டைச் சொல்வதில்லை.

நூல் என்று வரும்போது திருவனந்தபுரத்தின் கை சமஸ்கிருதப் பக்கமே ஓங்கியிருக்கிறது. பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் 1909இல் கிடைத்த ஓலைச்சுவடியைக் கொண்டுதான் த. கணபதி சாஸ்திரி 'ஆர்ய மஞ்சுஸ்ரீ மூலகல்பம்' என்ற பெரிய பௌத்த நூலைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் 1920 முதல் 1925 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். மந்திரமும் மண்டலமும் பேசும் நூல் அது. புத்தரின் உரைகளைப் பாலியில் தொகுத்த சுத்தபிடகத்தின் உலகத்திலிருந்து வெகு தூரம். குமாரன் ஆசானின் 'சண்டாளபிட்சுகி'யும் (1922) 'கருணா'வும் (1923) மலையாளிகளுக்குப் பௌத்தத்தைப் பக்கத்து வீட்டுக் கதையாக்கின. அவற்றின் மூலக்கதைகள் திவ்யாவதானம் என்ற சமஸ்கிருதத் தொகுப்பைச் சேர்ந்தவை.

இன்னொரு வழி லண்டன் வழி. எட்வின் ஆர்னால்டு 1879இல் வெளியிட்ட 'ஆசியாவின் ஒளி' என்ற ஆங்கிலக் காவியத்தை ஆசான் 'ஸ்ரீபுத்தசரிதம்' ஆக்கினார். நாலப்பாட்டு நாராயண மேனோன் 'பௌரஸ்த்ய தீபம்' ஆக்கினார். திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'ஆசிய ஜோதி' ஆக்கினார். பழைய திருவிதாங்கூரின் தமிழும் மலையாளமும் ஒரே ஆங்கிலக் கிணற்றில் நீர் இறைத்திருக்கின்றன. மூன்றும் அழகான நூல்கள்தாம். ஆனால் ஆர்னால்டின் நிர்வாணம் பனித்துளி கடலில் கலக்கும் காட்சியோடு முடிகிறது. அத்வைதம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது இனிக்கும். துளியும் கடலும் ஒரே நீர்தானே என்று தோன்றும். பாலி நூல்களில் புத்தர் கையாளும் உவமை நீர் அல்ல, நெருப்பு. இந்த வேறுபாட்டைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது வழி பழையது, நம்முடையது. பாலியில் எழுதியவர்களில் தமிழகத்தோடு தொடர்புள்ளவர்கள் ஒரு பெரும் வரிசை. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து 'அபிதம்மாவதாரம்' எழுதினார். களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆட்சிக் காலத்தில் எழுதியதாகத் தம் இன்னொரு நூலில் குறிக்கிறார். விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர் இலங்கைக்குப் போகும்முன் காஞ்சியிலும் மயூரபட்டினத்திலும் தங்கியதை அவருடைய உரைகளே சொல்கின்றன. இன்றும் பர்மாவிலும் இலங்கையிலும் அபிதம்மம் பயில்பவர் முதலில் மனப்பாடம் செய்யும் 'அபிதம்மத்த சங்கக'த்தின் ஆசிரியர் அனுருத்தர்; அவர் பெயரில் உள்ள 'பரமத்தவினிச்சயம்' அவரைக் காஞ்சி நாட்டுக்காரர் என்கிறது. சோழநாட்டுக் கஸ்ஸபர், புத்தப்பியர் என்று இவ்வரிசை 12, 13ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது. இவர்களில் பலர் பாலியில் யோசித்து, தமிழில் பேசியிருக்க வேண்டும். பாடம் சொல்லும்போது 'உபாதானம்' என்பதை மாணவனுக்கு எப்படி விளக்கியிருப்பார்கள்? அவர்களுடைய வாய்மொழி நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் அதே கல்விச் சூழலின் தமிழ்ச் சொற்கள் ஒரு காப்பியத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன.

அந்தக் காப்பியமான மணிமேகலையைக் கதையாகப் படிப்பவர்கள் பாத்திரம் கிடைத்ததும், பசி தீர்ந்ததும், சிறை கழிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். கடைசி நான்கு காதைகள் பாடத்திட்டத்திலும் அரிதாகவே வரும். ஆனால் வஞ்சி நகரில் பிற சமயத்தார் வாதங்களைக் கேட்ட மணிமேகலை, காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கும் 30ஆவது காதைதான் தமிழின் முதல் பௌத்தக் கலைச்சொல் அகராதி. உ. வே. சாமிநாதையர் 1898இல் காப்பியத்தைப் பதிப்பிக்கும்போது இந்தப் பகுதியின் சொற்களுக்காகவே கும்பகோணத்தில் பேராசிரியர் மளூர் ரங்காசாரியரிடம் பௌத்த நூல்களின் கருத்துகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பதிப்போடு புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் சங்கமும் பற்றித் தனியாகவும் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. சொல் தெரிந்திருந்தும் பொருள் பிடிபடாத காப்பியம் அது.

ஐந்து கந்தங்களுக்குக் காப்பியம் தரும் சொற்கள்: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு.

'வேதனா'வை 'வேதனை' என்று எழுதியிருக்கலாம். எதுகைக்கும் இடர் இருந்திருக்காது. காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் நுகர்ச்சி என்கிறார். பாலியில் வேதனா என்பது இன்பம், துன்பம், இரண்டுமற்றது என மூவகைப்பட்ட அனுபவச் சுவை. பாயசம் நாக்கில் படும் கணத்தில் வருவதும் வேதனாவே. நுகர்தல் என்ற சொல்லில் மூன்றும் அடங்கும். வேதனை என்று எழுதியிருந்தால் மூன்றில் இரண்டு போயிருக்கும்.

'சஞ்ஞா'வுக்குக் குறிப்பு என்பதைப் பார்க்கும்போது சொல்லைத் தேர்ந்தவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல என்பது புரிகிறது. சஞ்ஞாவின் வேலை என்ன என்று விசுத்திமக்கம் விளக்கும்போது, தச்சர்கள் மரத்தில் இடும் அடையாளத்தைக் காட்டுகிறது. மறுபடி பார்த்தால் 'இது அதுதான்' என்று அறிய உதவும் குறி. நீலம் என்று அறிவது, அம்மாவின் குரல் என்று அறிவது, எல்லாம் முன்பு இட்ட குறியைக் கண்டுகொள்வதே. குறிப்பு என்ற தமிழ்ச்சொல் வேறு எந்த விளக்கமும் இல்லாமல் அந்த இடத்தில் போய் அமர்கிறது. ஆங்கிலம் வழியாகப் பௌத்தம் எழுதும் இன்றைய தமிழில் 'புலனுணர்வு', 'கண்ணோட்டம்' என்று ஏதேதோ வருகிறது. குறிப்பை யாரும் எடுப்பதில்லை.

சங்காரா என்ற சொல்தான் பாலியிலேயே மிகச் சிக்கலானது. 'சேர்த்துச் செய்தல்' என்பது வேர்ப்பொருள். செய்வதும் சங்காரா, செய்யப்பட்டு உருவானதும் சங்காரா. புத்தர் இறுதியாகச் சொன்னவற்றில் எல்லாச் சங்காரங்களும் அழியும் இயல்புடையவை என்பதும் ஒன்று. அங்கே அது உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் குறிக்கும். ஐந்து கந்தங்களில் நான்காவதாக வரும்போது மனம் எதையாவது நோக்கிச் சாய்ந்து தன்னை வடிவமைத்துக்கொள்ளும் போக்கு அது. ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் காரணச் சங்கிலியான பன்னிரண்டு நிதானங்களில் இரண்டாவதாக வரும்போது பிறவிக்கு வித்தாகும் நல்வினை தீவினை. ஒரே பாலிச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் போட வேண்டும் என்ற பிடிவாதம் காப்பியத்துக்கு இல்லை. கந்தத்தில் பாவனை என்கிறது. நிதானத்தில் செய்கை என்கிறது. உடலால் மூன்று, வாயால் நான்கு, மனத்தால் மூன்று என்று பத்துத் தீவினைகளையும் எண்ணிக் காட்டி, இந்த இடத்தில் செய்கை என்றால் எது என்பதில் ஐயமே வராமல் செய்துவிடுகிறது. விஞ்ஞாணத்துக்கும் அப்படியே: கந்தத்தில் அறிவு, நிதானத்தில் உணர்வு.

விஞ்ஞாணம் என்ன அல்ல என்பதற்கு மஜ்ஜிம நிகாயத்தின் 38ஆம் சுத்தத்தில் ஒரு வழக்கே நடக்கிறது. சாதி என்ற பிக்கு, மீனவர் மகன், 'இந்த விஞ்ஞாணமே மாறாமல் பிறவி பிறவியாக ஓடுகிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். புத்தர் அழைத்து விசாரிக்கிறார். விறகில் பிடித்தால் விறகுத் தீ, வைக்கோலில் பிடித்தால் வைக்கோல் தீ என்பதுபோல, கண்ணும் உருவும் சேரும்போது எழுவது கண்விஞ்ஞாணம், காதும் ஒலியும் சேரும்போது எழுவது காதுவிஞ்ஞாணம். அவற்றுக்கு வெளியே ஓடித்திரியும் ஒன்று இல்லை என்கிறார். விஞ்ஞாணத்தை 'ஆன்மா' என்ற இடத்தில் வைத்துப் படிக்கும் நம்மூர் வழக்கத்துக்கு நேர் எதிர் இது. அந்தப் பிக்குவைப் போலத்தான் நம்மில் பெரும்பாலானோர் நினைக்கிறோம். மறுபிறவி என்றால் உள்ளே இருந்த ஏதோ ஒன்று உடை மாற்றுவது.

நிதானங்களில் நாமரூபம் என்பதற்குச் சொல்லுக்குச் சொல் போட்டால் பெயரும் வடிவமும். மலையாள வேதாந்த உரைகளில் அப்படித்தான் வரும். பாலிச் சுத்தங்கள் நாமம் என்பதில் நுகர்வு, குறிப்பு, சேதனை, ஊறு, கவனம் ஐந்தையும் வைக்கின்றன. பெயருக்கு அங்கே வேலையே இல்லை. மணிமேகலை பெயரை விட்டுவிட்டு 'அருவுரு' என்கிறது. வடிவில்லாததும் வடிவுள்ளதும். கருத்தைப் பார்த்துச் செய்த பெயர்ப்பு. அடுத்து வரும் ஆறு புலன்களுக்கு வாயில், தொடுதலுக்கு ஊறு, பிறகு நுகர்வு, வேட்கை, பற்று.

வேட்கையில் சற்று நிற்க வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் படித்த எல்லோருக்கும் புத்தர் என்றால் 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்'. அதைக் கேட்ட பத்து வயதுப் பிள்ளை, 'ஆசைப்படக் கூடாது என்று ஆசைப்பட்டாரே' என்று மடக்கும். ஆசிரியரிடம் பதில் இருக்காது. பாலிச் சொல் தண்ஹா. அடிப்படைப் பொருள் தாகம். விருப்பம் அனைத்துக்கும் பொதுச் சொல் அல்ல. நல்லதைச் செய்ய விரும்பும் விருப்பத்துக்குச் சந்தம் என்று வேறு சொல் உண்டு. அது சித்திக்கு வழிகோலும் நான்கில் முதலாவது. எனவே பிள்ளையின் கேள்வி தமிழ் மொழிபெயர்ப்பை மடக்குகிறது, புத்தரை அல்ல. 'வேட்கை' என்ற சொல்லில் விருப்பமும் உண்டு, நீர்வேட்கை என்னும்போது தாகமும் உண்டு. பழந்தமிழ்க்காரர் கையில் இருந்த அந்தச் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் ஆசைக்குப் போனோம் என்பது எனக்கு விளங்கவில்லை. பாடநூல் எழுதுபவர்கள் அடுத்த பதிப்பில் இந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

அடுத்தது பற்று. பாலியில் உபாதானம் என்றால் இறுகப் பிடித்தல். எரிபொருள் என்றும் பொருள். புத்தரின் காலத்துக் கேட்பவர்கள் நெருப்பைப் பிடிவாதக்காரனாகப் பார்த்தார்கள்: அது விறகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, விட்டால் அவிகிறது. கண் எரிகிறது, காது எரிகிறது, எல்லாம் எரிகிறது என்று சொன்ன பேருரை இந்த உருவகத்தின் மேல்தான் நிற்கிறது. வச்சகோத்தன் என்ற துறவி, விடுதலை பெற்றவர் இறந்தபின் எங்கே போகிறார் என்று கேட்கிறார். 'அவிந்த தீ கிழக்கே போயிற்றா மேற்கே போயிற்றா?' என்ற எதிர்க்கேள்வியில் அந்த உரையாடல் திரும்புகிறது. விறகு தீர்ந்தது, புது விறகு இல்லை, தீ அவிந்தது. அவ்வளவே. நிப்பானம் என்பதன் பொருள் அந்த அவிதல். இங்கே கடலும் இல்லை, கடலில் கலக்கத் துளியும் இல்லை.

தமிழில் கை பற்றும், கொடி கொம்பைப் பற்றும், கூரையும் பற்றும். தீப்பற்றியது என்று சொல்லும்போது உபாதானத்தின் இரண்டு பொருளும் ஒரே வினைச்சொல்லில் கிடைக்கின்றன. இதை வலிந்து கண்டுபிடிக்க வேண்டிய தேவையில்லை, மொழியிலேயே இருக்கிறது. நிப்பானத்துக்கு மட்டும் நமக்கு நேர்ந்த விபத்து சிரிப்பூட்டுவது. 'நிர்வாணம்' என்று எழுதினால் தமிழ் வாசகர் முதலில் நினைப்பது ஆடையின்மையை. காப்பியம் 'வீடு' என்கிறது. விடுவது என்ற வினையிலிருந்து வந்த சொல், பற்றுக்கு நேர் எதிர். நிப்பானமடைந்தவரைக் 'குளிர்ந்தவர்' என்று பாலி நூல்கள் அழைக்கும். நம் வீடுகளில் விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்லும் பெண்கள், அந்தப் பாலிச் சொல்லைக் கேட்டால் உரை கேட்கமாட்டார்கள்.

துக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பாலி துக்கமும் தமிழ்த் துக்கமும் எழுத்தளவில் ஒன்றே. பிராகிருதம் வழியே வந்த உருவம். ஆனால் தமிழில் துக்க வீடு, துக்கம் விசாரித்தல் என்று அது சாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் பௌத்தம் எப்போதும் ஒப்பாரி வைக்கும் சமயம் என்ற எண்ணம். பாலியில் துக்கம் மூன்று வகை: நேரடியான வலி, இன்பம் மாறிப்போவதில் உள்ள துக்கம், சேர்ந்து உருவான எதுவும் நிலைக்காது என்பதில் உள்ள துக்கம். மூன்றாவது வகைக்கு அழுகை தேவையே இல்லை. புத்தகோசர் துக்கம் என்ற சொல்லைப் பிரித்து, இழிந்தது, உள்ளீடற்றது என்று விளக்குகிறார். சொற்பிறப்பியல் அறிஞர் ஒப்பமாட்டார்; ஆனால் திருப்தி தராதது என்ற கருத்தை அது சரியாகப் பிடிக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்மம் என்பதைச் சேதனை, அதாவது எண்ணிச் செய்தல் என்று அங்குத்தர நிகாயம் வரையறுக்கிறது. நாம் 'கருமம், கருமம்' என்று தலையில் அடித்துக்கொள்வதற்கும் அதற்கும் வெகு தூரம். மலையாளத்தில் கர்மம் என்றால் பலிச்சடங்கும் ஆகும். தம்மம் என்பது போதனை, இயல்பு, மனத்துக்குப் புலப்படும் பொருள் என இடத்துக்கிடம் மாறும். தர்மம் போடுங்கள் என்று கேட்பவரின் தர்மம் அல்ல. அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதும்போதும் சமஸ்கிருத வடிவத்தைத் தவிர்த்துத் 'தம்மம்' என்றே எழுதியது இதை அறிந்துதான். சதி என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் சூழ்ச்சியாகிவிடும். அதன் வேர் நினைவு. நெடுநாள் முன்பு செய்ததையும் சொன்னதையும் நினைவில் கொள்ளும் ஆற்றல் என்று சுத்தங்கள் அதை விளக்குகின்றன. இன்று ஐடி நிறுவனங்களில் மன அழுத்தம் குறைக்க நடத்தப்படும் வகுப்புகளில் அது 'இந்தக் கணத்தில் இரு' என்று சுருங்கியிருக்கிறது. எதை மறக்கக் கூடாது என்ற பகுதி அங்கே விடுபட்டுப் போகிறது.

சொல்லின் பொருளைத் தேடிப் போவதில் ஓர் ஆபத்து உண்டு. தென்திருவிதாங்கூரில் அது கொஞ்சம் கூடுதல். ஊர்ப்பெயரில் 'பள்ளி' இருந்தால் புத்த விகாரை, வாயில் 'சரணம்' வந்தால் திரிசரணம், என்று வரிசையாகக் கண்டுபிடிப்பவர்களை எந்தத் தேநீர்க் கடையிலும் சந்திக்கலாம். பள்ளி என்பது உறங்குமிடம், சிற்றூர், சமணர் இருப்பிடம், கிறித்தவர் கோயில், முஸ்லிம் தொழுகையிடம் எல்லாமும்தான். ஒலி ஒப்புமை வரலாறு ஆகாது. தமிழ்ப் பௌத்தத்தை மீட்க முனைந்த அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சிகளையும் மொழியியல் என்று எடுத்தால் பலவும் நிற்காது. ஆனால் அவர் செய்தது வேறு வேலை: பறிக்கப்பட்ட ஒரு மரபைச் சொற்கள் மேல் உரிமை கொண்டாடி மீட்கும் வேலை. அதை அந்த அளவில் மதிக்க வேண்டும், அகராதியாகக் கொள்ளக் கூடாது.

மணிமேகலையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. 29ஆம் காதையின் தருக்கப் பகுதி திக்நாகர் மரபின் சமஸ்கிருத நூல்களை ஒட்டிச் செல்கிறது. காப்பியம் முழுவதையும் தேரவாத நூல் என்று சொல்ல முடியாது, அறிஞர்களுக்குள் இதில் ஒருமித்த கருத்தும் இல்லை. பன்னிரண்டாம் நிதானமான ஜராமரணத்துக்கு, மூப்புக்கும் சாவுக்கும், அது இடும் பெயர் 'வினைப்பயன்'. என் பார்வையில் இது சரியான தேர்வு அல்ல. மூப்பும் பிணியும் சாவும் என்று விளக்கத்தில் சொன்னாலும், சொல் மட்டும் தனியாக நிற்கும்போது தலைவிதி வாடை அடிக்கிறது. வினைக்கொள்கை பேசும் எந்தச் சமயத்தவரும் அதைத் தம் பொருளில் வாசித்துவிடலாம்.

இன்னொன்று. நிதானங்களையும் கந்தங்களையும் இவ்வளவு துணிவோடு தமிழாக்கிய அதே காதை, தியானப் பகுதிக்கு வந்ததும் கடன் சொற்களுக்கு மாறுகிறது. அநித்தம், துக்கம், அநான்மா, மைத்திரி, கருணை, முதிதை. நான்கு வாய்மைகளைச் சொல்லும்போது துன்பம் என்றவர் இங்கே துக்கம் என்கிறார். திரும்பத் திரும்ப ஓதி மனத்தில் இருத்தும் சொற்களை ஓதிய ஒலியிலேயே வைத்திருக்க விரும்பினார் என்று நான் ஊகிக்கிறேன். மற்றவற்றுக்கு அந்தக் காரணம் போதும். அநான்மாவுக்குப் போதாது. 'ஆன்மா இல்லை' என்று எழுதினால் இல்லாத ஒன்றைப் பற்றிய அறிவிப்பாகிவிடும். 'இது என்னுடையதல்ல, இது நான் அல்ல' என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கும் செயல் அதில் வராது. பாலி நூல்களின் அநத்தாவில் இருப்பது அந்தச் செயல். அதற்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தாலும் அது குண்டலகேசி போன்ற நூல்களில்தான் இருந்திருக்கும். அந்தக் காப்பியத்தில் நமக்கு எஞ்சியவை சில பாடல்கள் மட்டுமே. சித்தாந்தத் தொகை, திருப்பதிகம், பிம்பிசார கதை எல்லாம் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய பெயர்களும் துணுக்குகளுமாக நிற்கின்றன. தமிழ்ப் பௌத்தர்கள் அநான்மாவை எந்தத் தமிழில் வாதிட்டார்கள் என்று அறிய விரும்புபவர், அதை மறுக்க எழுதிய சமண நூலான நீலகேசியையும் சைவ நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தையுமே எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.